வார்டுக்குப் போகப் போகும் தாதிய மாணவிக்கு: எப்படிக் கதைப்பது, எப்படிக் கேட்பது, எதை எழுதுவது

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். தாதியர் பயிற்சியில் முதல் வருடமாம், சீக்கிரம் வார்டுக்கு அனுப்பப் போகிறார்களாம், தொடர்பாடலும் தொழில்சார் அடிப்படைகளும் என்ற பாடத்துக்குக் கொப்பி நிறையக் குறிப்பு இருக்கிறதாம், ஆனால் நோயாளிக்கு முன்னால் போய் நின்றால் என்ன கதைப்பது என்றே தெரியாதாம், இங்கிலீசும் மட்டம், டொக்டர்மாரோடு கதைக்கப் பயம், அதோடு ‘தொழில்முறையாக நடப்பது’ என்றால் சீருடையை மடிப்புக் கலையாமல் போடுவதைத் தவிர வேறு என்ன என்றும் கேட்டிருந்தார். திருகோணமலைப் பக்கத்து வார்டுகளில் கன காலம் வேலை செய்தவள் என்ற முறையில் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள் தங்கச்சி.

இந்தப் பாடம் இனிமையாகக் கதைக்கப் பழக்கும் பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். சிரித்த முகம் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது. ஆனால் வார்டில் தொடர்பாடல் என்பது தகவல் வேலை. நோயாளியின் வாயிலிருந்து சரியான தகவலை எடுக்க வேண்டும், அதை அடுத்த ஆளின் கைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மரியாதை, அன்பு எல்லாம் அதோடு ஒட்டியே வருகின்றன, ஏனென்றால் மரியாதை இல்லாத இடத்தில் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். கனூலா, அதாவது சேலைன் ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய், போடப் பழகுவது போல இதையும் பழகலாம். ‘எனக்குப் பிறவியிலேயே கதை வராது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

கொப்பியில் இருக்கிற ஒரு விசயத்தை முதலே அப்புறப்படுத்தி விடுகிறேன். ஒருவர் சொல்வதில் 7 சதவீதம்தான் சொற்கள், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகபாவம் என்று ஒரு கணக்கு அநேகமான நோட்சில் இருக்கும். அல்பர்ட் மெராபியன் என்ற உளவியலாளர் 1967 இல் செய்த இரண்டு சிறிய பரிசோதனைகளைச் சேர்த்து வந்த எண்கள் அவை. ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை, சொல்லும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, நாம் எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதைத்தான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், ‘சாப்பாட்டுக்கு முதல் அரைக் குளிசை’ என்பதில் 93 சதவீதத்தை முகத்தாலும் குரலாலும் சொல்ல முடியுமா? பரீட்சையில் கேட்டால் எழுதுங்கள், வார்டில் நம்பாதீர்கள். பெப்லோ என்ற அம்மா 1952 இல் எழுதிய தாதி–நோயாளி உறவுக் கட்டங்களும் கொப்பியில் இருக்கும், அதை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு வேலைக்காகச் சந்தித்து, நம்பி, வேலை முடிந்ததும் பிரிகிறார்கள் என்பதுதான் அதன் சாரம், பிரிய வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

சரி, கட்டிலடிக்குப் போவோம். போனதும் பெயரைச் சொல்லுங்கள், ‘அம்மா, நான் இன்னார், தாதிய மாணவி, இண்டைக்கு ஒரு மணி மட்டும் உங்களை நான்தான் பார்ப்பன்’ என்று. இவ்வளவுதான். இதைக்கூட நாங்கள் செய்வதில்லை. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற முதியோர் மருத்துவர், தானே குணப்படுத்த முடியாத புற்றுநோயோடு 2013 இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்து, ‘வணக்கம், என் பெயர்...’ என்று ஓர் இயக்கமே தொடங்கினார். 2016 இல் அவர் காலமாகிவிட்டார், அவர் தொடங்கியது இன்னும் உலகம் முழுக்க நடக்கிறது. எங்கள் ஊரில் எல்லாரையும் ‘மிஸ்ஸி’ என்றே கூப்பிடுவார்கள், பரவாயில்லை. நீங்கள் திருப்பிப் ‘பத்தாம் கட்டில்’ என்று கூப்பிடாமல் இருந்தால் போதும். அம்மா, ஐயா, அக்கா, அண்ணா, முஸ்லிம் வீட்டாரென்றால் உம்மா, வாப்பா, நானா. வயதைப் பார்த்து வாய்க்கு வருவதைச் சொல்லுங்கள், ஐயம் இருந்தால் ‘உங்களை எப்படிக் கூப்பிட?’ என்று கேட்பதில் குறைவில்லை.

ஆனால் மருந்து கொடுக்கும்போது உறவுமுறை உதவாது, முழுப்பெயர் வேண்டும். அதுவும் ‘நீங்கள்தானே பாத்திமா?’ என்று கேட்காதீர்கள், காது கேட்காத ஆச்சியும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் எதற்கும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள், ஒரே வார்டில் மூன்று பாத்திமா படுத்திருப்பது எங்கள் மாவட்டத்தில் அதிசயமும் இல்லை. ‘உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ’ என்று கேட்டு, அவர் சொல்வதை டிக்கெட்டோடு, அதாவது அவருடைய வார்டுக் குறிப்போடு, ஒப்பிட்டு, இன்னோர் அடையாளத்தையும் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று. கட்டில் இலக்கம் அடையாளம் ஆகாது, கட்டிலை மாற்றிவிடுவார்கள்.

நேரம் இருந்தால் இருந்து கதையுங்கள், நின்று கதைக்காதீர்கள். நோயாளி கழுத்தைத் திருப்பி வருந்தாத இடத்தில், அவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும் என்று நவீன தாதியியலைத் தொடக்கிவைத்த நைட்டிங்கேல் அம்மையாரே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் செய்து 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், டொக்டர் உட்கார்ந்து கதைத்தபோது, உண்மையில் அதிக நேரம் செலவிடாவிட்டாலும், அவர் கன நேரம் தங்களோடு இருந்தார் என்று நோயாளிகள் நினைத்திருக்கிறார்கள். வார்டில் கதிரை இருக்காது என்பது எனக்கும் தெரியும். குந்தியாவது இருக்கலாம், மருந்து கொடுக்கிற அந்த ஒரு நிமிடத்துக்கு.

அடுத்தது கேள்வி கேட்பது. இதில்தான் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவிகள் கேள்வி கேட்பதைப் பாரத்தை நிரப்புவதாக நினைக்கிறார்கள். ‘ஏன் மருந்து குடிக்கேல்ல?’ என்று கேட்டால் அது விசாரணை, நோயாளி உடனே ‘குடிச்சனான் மிஸ்ஸி’ என்று பொய் சொல்லித் தப்புவார். ‘மருந்து குடிக்கிறதில என்ன கரைச்சல்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஈச்சிலம்பற்றையில் இருந்து கிளினிக்குக்கு வர பஸ் கிடைக்கவில்லை, மருந்து முடிந்து இரண்டு கிழமை என்று வரும். அல்லது, நோன்பு பிடித்தபடியால் காலைக் குளிசையை விட்டுவிட்டேன் என்று வரும். கந்தசஷ்டி நேரம் ஆறு நாளும் விரதம் இருந்துகொண்டு இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டிருந்த அம்மாக்களையும் நான் பார்த்திருக்கிறேன், சீனி இறங்கி மயங்கி வருவார்கள். பேசுவார்கள் என்ற பயத்தில் விரதத்தைச் சொல்ல மாட்டார்கள். அதனால் றமழான் மாதத்திலும் விரத காலத்திலும் ‘நோன்பு பிடிக்கிறீங்களா?’, ‘விரதமா?’ என்று பிரஷர் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டு, பதில் எதுவாக இருந்தாலும் முகத்தை மாற்றாமல் குறித்துக்கொண்டு டொக்டரிடம் சொல்லுங்கள்.

நோயாளி சொல்லும் சொல்லை அப்படியே பிடியுங்கள். கொட்பேயில் வள்ளத்துக்குப் போகிற ஒரு ஐயா வந்து ‘நெஞ்சு கரிக்குது பிள்ளை’ என்றால் ‘காஸ்’ என்று நீங்களாக மொழிபெயர்த்துவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, வலை இழுக்கும்போது கூடுகிறதா, வியர்த்ததா, கைக்கோ தாடைக்கோ ஓடுகிறதா, இதற்கு முதல் இப்படி வந்ததா என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோங்கள், அது காஸா மாரடைப்பா என்று பார்க்க ஈசிஜி இருக்கிறது. தலை சுத்துது என்பவரிடம், எல்லாம் சுழல்கிறதா, கண் இருட்டி விழப் பார்க்கிறாரா என்று பிரித்துக் கேளுங்கள், இரண்டும் இரண்டு நோய். ‘உளைவு’, ‘விறைப்பு’, ‘காய்ச்சல் குணம்’, ‘முட்டு’, ‘சலக்கடுப்பு’, இவையெல்லாம் உங்கள் வீட்டில் பேசுகிற சொற்கள்தான், வெள்ளைச் சீருடை போட்டதும் மறந்துபோன மாதிரி நடிக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் பெரிய பலமே அது.

டெங்கு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இந்தக் கேள்வி கேட்கும் கலை நேரடியாக உயிர் விசயம். 2017 இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் எவ்வளவு நீர் உள்ளே போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 50 கிலோ ஆளுக்கு 48 மணித்தியாலத்துக்கும் மொத்தம் 4600 மில்லிலீற்றர். சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர். இப்போது வாசலைப் பாருங்கள். பார்வையாளர் நேரத்துக்கு அம்மா செவ்விளநீர் இரண்டோடு வருகிறார், பெரியம்மா பப்பாசி இலைச் சாறோடு வருகிறார், பிள்ளை வாடிப்போய்க் கிடக்கிறானே என்று ஒரு ஜீவனிப் பக்கெற்றையும் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனிக் கலவை) கரைத்துக் கொடுக்கிறார்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எழுதுகிற சார்ட்டில் இது எதுவும் இல்லை. நீங்கள் ‘ஒண்டும் குடுக்கக்கூடாது எண்டு சொன்னனான்தானே!’ என்று சத்தம் போட்டால், நாளைக்கும் கொடுப்பார்கள், ஒளித்துக் கொடுப்பார்கள்.

பதிலாக அம்மாவிடம் ஒரு கோப்பையையும் பேனையையும் கொடுங்கள். ‘அம்மா, இந்தக் கோப்பையால நூறு மில்லி. தம்பி எத்தினை கோப்பை குடிச்சவர் எண்டு நீங்கதான் இதில கோடு போடவேணும், சலம் போனாலும் இந்தப் போத்தலில பிடிச்சு எனக்குக் காட்டவேணும். சிவப்பு, மண்ணிறத்தில சோடா, ஜூஸ் ஒண்டும் வேண்டாம், சத்தி எடுத்தா ரத்தமா எண்டு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்.’ காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். வெளியே நின்று கோபப்பட்ட அம்மாவே உங்கள் சார்ட் எழுதும் உதவியாளர் ஆகிவிடுவார். இதை நான் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன், அம்மாமார் போடுகிற கோடு எங்கள் சார்ட்டைவிடச் சரியாக இருக்கும்.

வாயிலிருந்து முதல் நாளே அகற்ற வேண்டிய ஒரு வசனம் இருக்கிறது: ‘ஒண்டும் இல்லை, பயப்படாதீங்கோ.’ நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் நாளைக்கு சத்திரசிகிச்சை இருக்கிற ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் எப்படிச் சொல்வது? நோயாளிக்கு இப்படி வெறும் நம்பிக்கை வார்த்தை சொல்பவர்களை நைட்டிங்கேல் தன் தாதியியல் குறிப்புகளில் ஓர் அத்தியாயம் முழுக்க வறுத்தெடுத்திருக்கிறார், நோயாளிக்குக் கேட்கும் தூரத்தில் குசுகுசுப்பதையும் கொடுமை என்றே சொல்லியிருக்கிறார். ‘ஒண்டும் இல்லை’ என்றதும் நோயாளி கதவைச் சாத்திவிடுவார், தன் பயத்தை இனி உங்களிடம் சொல்ல மாட்டார். ‘எதை நினைச்சுப் பயமா இருக்கு?’ என்று கேளுங்கள். மயக்க மருந்தில் இருந்து எழும்பாமல் போய்விடுவேனோ என்பார் ஒருவர், அதை மயக்க மருந்து டொக்டரிடம் கொண்டுபோகலாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டு ஏற்ற ஆளில்லை என்பார் இன்னொருவர், அது வேறு பிரச்சினை. சிலர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அழுவார்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பதும் வேலைதான். நோய் என்ன, எவ்வளவு காலம் என்பதைச் சொல்வது டொக்டரின் பொறுப்பு, அதை நீங்கள் சொல்லப் போகாதீர்கள். ஆனால் டொக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு ‘அவர் என்ன சொன்னவர் பிள்ளை?’ என்று உங்களிடம்தான் கேட்பார்கள், அவர் சொல்லும்போது பக்கத்தில் நின்று காது கொடுங்கள்.

மொழி. எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று மூன்று சமூகமும் இருக்கிறது, எந்த ஒன்றும் பாதிக்கு மேல் இல்லை. கந்தளாயில் இருந்தும் சேருவிலயில் இருந்தும் வருகிற அம்மே, தாத்தே மாருக்குத் தமிழ் வராது. ‘ரிதெனவாத?’, ‘ஹுஸ்ம கன்ன’, ‘பய வென்ன எபா’ அளவிலாவது சிங்களம் பழகுங்கள், அவர்களின் முகம் மலர்வதை அப்போது பார்ப்பீர்கள். ஆனால் அந்த நாலு வசனத்தை வைத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்கப் போகக்கூடாது. முக்கியமான கதைக்கு மொழி தெரிந்த தாதியையோ டொக்டரையோ கூப்பிடுங்கள். பக்கத்துக் கட்டில்காரரையோ எட்டு வயதுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மாதவிடாய், கர்ப்பம், வீட்டில் அடி விழுந்ததா என்ற கேள்விகளைக் கணவரை வைத்துக்கொண்டு கேட்பதில் அர்த்தமே இல்லை, மொழி ஒன்றாக இருந்தாலும்தான். அவரைப் பதிவு மேசைப் பக்கம் ஏதாவது வேலையாக அனுப்பிவிட்டுக் கேளுங்கள். தொடுவதற்கு முதல் சொல்லுங்கள், திரையை இழுங்கள், தேவையான இடத்தை மட்டும் திறவுங்கள். நினைவில்லாமல் கிடப்பவருக்கும் இதேதான், அவருக்குக் கேட்கிறது என்றே எடுத்துக்கொண்டு கதையுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ‘விளங்கிச்சோ?’ என்று கேட்பது வீண். எல்லாரும் ஓம் என்பார்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவர்களுக்கு. ‘நான் வடிவாச் சொன்னனானோ தெரியாது, வீட்ட போய் மகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க எண்டு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ’ என்று கேளுங்கள். பிழையைச் சொன்னவர் பக்கம் வைத்துக் கேட்பதுதான் இதன் சூட்சுமம், அவருக்கு வெட்கம் இல்லை. ஆஸ்துமாப் பம்பை எடுத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை பேர் தொண்டைக்குள் அடித்துவிட்டு அப்படியே ஊதித் தள்ளுகிறார்கள் என்று பார்த்தால் அதிர்ந்து போவீர்கள்.

இப்போது நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன், டொக்டரோடு கதைப்பது. இதற்கு ‘எஸ்பார்’ என்று, நாலு இங்கிலீஷ் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து, நாலு படி இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்த முறையை எடுத்து, 2000 களின் தொடக்கத்தில் அங்கே கைசர் பர்மனென்ட் என்ற மருத்துவ நிறுவனம் ஆஸ்பத்திரிக்கு ஏற்ப மாற்றியது. துறைமுகத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கத்தான் வேண்டும். இதை ஒரு நடு இரவுத் தொலைபேசியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாங்கள் சொல்வது இப்படி: ‘டொக்டர், எட்டாம் கட்டில் பிள்ளைக்கு ஒரு மாதிரி இருக்கு, ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?’ தூக்கத்தில் இருக்கும் மனுசனுக்கு ‘ஒரு மாதிரி’ என்றால் என்ன விளங்கும்? காலையில் பார்ப்போம் என்பார்.

இப்படிச் சொல்லுங்கள்: ‘டொக்டர், நான் மருத்துவ வார்டில் இருந்து இன்னார். எட்டாம் கட்டில், 19 வயது, டெங்கு, பிரஷர் இடைவெளி குறைஞ்சு போச்சு, இப்ப 95க்கு 80. பின்னேரத்தில இருந்து கசிவுக் கட்டம் எண்டு எழுதியிருக்கு, எடை 50 கிலோ, பன்னிரண்டு மணிக்கு பிரஷர் 110க்கு 75, பிசிவி பின்னேரம் 41, இப்ப 47. நாடி 118, கை கால் குளிருது, ரெண்டு மணித்தியாலத்துக்கும் சலம் 30 மில்லிதான். அதிர்ச்சி நிலைக்குப் போறார் எண்டு நினைக்கிறன். நீங்க இப்பவே வரவேணும், வரும் வரைக்கும் சேலைன் என்ன வேகத்தில போட?’ அரை நிமிடம். பிசிவி என்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசியக் கசிய அது ஏறும். இரண்டு பிரஷர் எண்களுக்கும் இடையில் 20 அல்லது அதற்குக் குறைவு என்றாலே அது அபாய மணி என்று டொக்டருக்குத் தெரியும், நீங்கள் சத்தமாகக் கதைக்கவோ மன்றாடவோ தேவையில்லை. தொலைபேசியை எடுப்பதற்கு முதல் டிக்கெட், சார்ட், பேனை மூன்றும் கையில் இருக்க வேண்டும். ‘நினைக்கிறன்’ என்று சொல்லப் பயப்படாதீர்கள், பிழையென்றால் டொக்டர் வந்து திருத்துவார், அதற்குத்தான் அவர் வருகிறார். மாணவியாக இருக்கும் மட்டும் இந்த அழைப்பை நீங்கள் எடுக்க மாட்டீர்கள், ஆனால் பொறுப்பில் இருக்கும் மிஸ்ஸியிடம் சொல்வதையும் இதே ஒழுங்கில் சொல்லிப் பழகுங்கள்.

இங்கிலீசைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே உள்ளதை வாசித்துப் பாருங்கள், எத்தனை இங்கிலீஷ் வசனம் இருக்கிறது? சொற்கள்தான் இருக்கின்றன. வார்டுக்கு வேண்டியது சில நூறு சொற்களும் எண்களும். இலக்கணம் மெல்ல வரும். டொக்டர் தொலைபேசியில் மருந்து சொன்னால் எழுதி, திருப்பி வாசித்து, ‘சரி’ என்று அவர் சொன்ன பிறகுதான் வையுங்கள். பிப்டீனும் பிப்டியும் ஒரே மாதிரிக் கேட்கும், ‘வன் பைவ்’, ‘பைவ் சீரோ’ என்று தனித்தனி இலக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். திருப்பிக் கேட்டால் எரிச்சல் படுகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள்தான். எரிச்சலைத் தாங்கலாம், பத்து மடங்கு மருந்தைத் தாங்க முடியாது.

கடமை மாறும் நேரம், காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு, இந்த மூன்று நேரத்திலும்தான் கன விசயம் தொலைகிறது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ‘எல்லாரும் ஓகே’ என்று கொப்பியை நீட்டிவிட்டுப் போவதை நீங்கள் பார்ப்பீர்கள், பழகாதீர்கள். கட்டில் கட்டிலாகப் போய், என்ன நடந்தது என்பதோடு, இனி என்ன நடக்க இருக்கிறது, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: எந்த இரத்த முடிவு வர இருக்கிறது, யாருக்குப் பத்து மணிக்கு மருந்து, யார் சலம் போகவில்லை.

பெரியவர்கள் பிழை விடுவதைக் கண்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 1977 இல் தெனெரீப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்தில் இருந்த பொறியாளருக்கு, மற்ற விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா என்று சந்தேகம் வந்தது, கேட்டும் இருக்கிறார், ஆனால் கேள்வியாக, மெல்லமாக. கப்டன் பெரிய ஆள், போய்விட்டது என்றார், அவ்வளவுதான். அதன் பிறகுதான் விமானத் துறை, சின்ன ஆள் பெரிய ஆளை எப்படித் தடுத்து நிறுத்துவது என்பதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, ஆஸ்பத்திரிகள் அங்கிருந்து கற்றுக்கொண்டன. நீங்கள் மரியாதையை விட வேண்டாம். ‘மிஸ், இவருக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது எண்டு டிக்கெட்டில சிவப்பால எழுதியிருக்கு, போட முதல் ஒருக்காப் பாருங்கோ’ என்று சொல்லுங்கள். கேட்கவில்லையா, இன்னொருமுறை, கொஞ்சம் அழுத்தமாக. அப்போதும் இல்லையென்றால் வார்ட் சிஸ்டரிடம் போங்கள். நோயாளி முன்னால் சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் நோயாளிக்கு மருந்து ஏறிய பிறகு தனியாகப் போய்ச் சொல்லவும் காத்திருக்காதீர்கள்.

எழுதுவது. கண்டது, கேட்டது, செய்தது, நேரம், கையொப்பம். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்பது உங்கள் கோபம். ‘14.10க்கு ஊசி வேண்டாம் என்றார், காரணம் கேட்டதற்கு முந்திய ஊசியில் கை வீங்கியது என்றார், டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது’ என்பது தகவல். மருந்தைக் கொடுக்க முதல் கொடுத்ததாக ஒப்பமிடாதீர்கள், எவ்வளவு வேலை இருந்தாலும். பிழைத்தால் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒப்பமிட்டு, சரியானதை எழுதுங்கள், வெள்ளை மை பூசினால் நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் எதையோ மறைத்த மாதிரித்தான் இருக்கும். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள், வெறும் ‘யூ’ எழுத்தைப் போட்டால் 10 யூனிட் 100 ஆகத் தெரியும். புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடுங்கள், 0.5 என்று, பின்னால் தேவையில்லாத பூச்சியம் போடாதீர்கள், 1.0 பத்தாகிவிடும்.

இனி, சீருடையைத் தவிர வேறு என்ன என்ற கேள்வி. நகம், தலைமுடி, நேரத்துக்கு வருவது, கை கழுவுவது எல்லாம் உங்களுக்கு எப்படியும் ஆயிரம் தடவை சொல்வார்கள், நான் விடுகிறேன். சர்வதேசத் தாதியர் பேரவை 1953 இல் ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டது, கடைசியாக 2021 இல் திருத்தியது. அதில் உள்ளவற்றுள் எங்கள் ஊரில் ஆகக் கஷ்டமானது இரகசியம் காப்பதுதான். திருகோணமலை சின்ன ஊர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நோயாளியின் மச்சாளாக இருப்பார், கோயில் வீதியில் நின்று ‘உங்கட வார்டில எங்கட இன்னாரின்ர மருமகள் கிடக்கிறாளாமே, என்னவாம்?’ என்று அக்கறையாகவே கேட்பார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பொய் சொல்லவும் வேண்டாம். ‘மாமி, ஆஸ்பத்திரிக் கதையை நான் வெளியில கதைக்கிறேல்ல, நாளைக்கு நீங்க வந்து படுத்தாலும் அப்பிடித்தான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஒருமுறை கோபிப்பார்கள், பிறகு மதிப்பார்கள். வீட்டில் அம்மாவிடமும் சொல்லக்கூடாது, இதைத்தான் பிள்ளைகள் மறக்கிறார்கள். சீருடையோடு வார்டில் செல்பி எடுப்பது அதைவிட மோசம், பின்னால் இருக்கிற பலகையில் பெயரும் நோயும் எழுதியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் காயத்தைப் படமெடுத்துப் போட்டு ‘இது என்ன?’ என்று கேட்பதும் அதே கணக்குத்தான்.

நோயாளி சுகமாகிப் போகும்போது தயிர்ச் சட்டியோடு வருவார். காசு என்றால் கை நீட்டவே கூடாது. தின்கிற சாமான் என்றால் சிஸ்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், எல்லாருக்குமாகப் போகும். நோயாளிக்கு உங்கள் தொலைபேசி இலக்கம் கொடுக்காதீர்கள், பேஸ்புக்கில் சேர்க்காதீர்கள். நட்பாகக் கதைப்பது வேறு, நண்பி ஆவது வேறு.

பழகாத வேலையை யாராவது செய்யச் சொன்னால் ‘மிஸ், நான் இது தனியச் செய்யேல்ல, பக்கத்தில நிக்கிறீங்களா?’ என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். முதல் சில கிழமைகளில் இதைச் சொல்லாத மாணவியைக் கண்டால்தான் எனக்குப் பயம். நோயாளி கேட்பதற்கு விடை தெரியாவிட்டாலும் இதேதான், ‘எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றன்’ என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே கேட்டு, திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அரைவாசிப் பேர் திரும்பிப் போவதில்லை.

வார்டுக்குப் போக முதல் இருக்கிற நாட்களில் இரண்டு வேலை செய்யுங்கள். கூடப் படிக்கிற ஒருவரை டொக்டராக வைத்து, மேலே நான் எழுதிய டெங்கு அழைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நேரம் பிடித்து, எண்களை மாற்றி மாற்றி. பிறகு அயலில் சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மாவிடம் போய் அவர் மருந்து குடிக்கும் விதத்தைக் கேளுங்கள், ‘ஏன்’ என்ற சொல்லைப் பாவிக்காமல். இரண்டாவதுதான் கஷ்டம். எங்கே சிக்குப்பட்டீர்கள் என்று எழுதுங்கள், அதற்கும் பதில் போடுகிறேன்.